அடிமை என்னும் சொல்: பிளந்த நாடும் பிளவாத ஊரும்

(இலக்கிய வட்டத்தின் பத்தாம் ஆண்டு நிறைவு விழாவில் நிகழ்ந்த உரையின் எழுத்து வடிவம்)



உறையூருக்கும் திருவரங்கத்துக்கும் இடையே காவிரி ஓடுகிறது. கோடையில் மணலில் நடந்தே கடந்துவிடக் கூடிய அகலந்தான். ஆயினும் அவ்வாற்றைக் கடவாமல் தென்கரையிலேயே நின்று பாடிய ஒருவரைத் தமிழ் வைணவம் ஆழ்வார் பன்னிருவருள் ஒருவராகப் போற்றுகிறது. பாணர் குலத்தவர் அரங்கத் தீவை மிதிக்கலாகாது என்பது அன்றைய ஊர் வழக்கு. நீர்க்குடத்துடன் வந்த உலோகசாரங்க முனிவர், வழிவிடாமல் நின்ற திருப்பாணர்மீது கல்லெறிந்தார் என்றும், அதனால் வடிந்த குருதியை அரங்கனின் நெற்றியிலே கண்டு அஞ்சினார் என்றும், பின்னர் இறைவன் ஆணைப்படி அவரைத் தம் தோளில் சுமந்துகொண்டு ஆற்றைக் கடந்தார் என்றும் குருபரம்பரைக் கதைகள் கூறும்.

இக்கதையைக் கேட்டு உருகாத திருச்சிராப்பள்ளியார் இலர். ஆனால் உருகிய பின் எழவேண்டிய வினா ஒன்று உண்டு. முனிவரின் தோளேறி ஒருவர் அக்கரை சேர்ந்தார். தென்கரையில் நின்ற மற்றவர்கள் என்ன ஆனார்கள்? தோளில் சுமந்த முனிவர் மறுநாள் காலையில் வேறொரு பாணனை ஆற்றங்கரையில் கண்டிருந்தால் என்ன செய்திருப்பார்? கதை அதைச் சொல்லவில்லை. கேட்டவர்களும் வினவவில்லை.

வினவிய நாடு ஒன்று உண்டு. வினவியதனால் அது இரண்டாகப் பிளந்தது. நான்கு ஆண்டுகள் தன் குருதியிலேயே மூழ்கியது. அந்நாட்டின் கதையையும் காவிரிக்கரையின் கதையையும் அருகருகே வைத்துப் பார்ப்பதே இவ்வுரையின் நோக்கம். இரண்டையும் இணைக்கும் நூல் 'அடிமை' என்னும் ஒரே சொல்.

சொல்லை மறைத்த சாசனம்

அமெரிக்க ஐக்கிய நாடுகளின் அரசியல் சாசனம் 1787ஆம் ஆண்டு பிலடெல்பியா நகரில் வரையப்பெற்றது. அதை வரைந்தோருள் பலர் அடிமைகளை உடையவர்கள். எனினும் அச்சாசனத்தில் 'அடிமை' என்ற சொல் ஓரிடத்திலும் இல்லை. பணிக்குக் கட்டுப்பட்டவர் என்றும் ஏனையோர் என்றும் சுற்றிவளைத்துச் சொன்னார்களேயன்றி, சொல்ல வேண்டிய சொல்லைச் சொல்லவில்லை. சொல் இல்லை, ஆனால் கணக்கு இருந்தது. ஐந்து அடிமைகளை மூன்று பேராக எண்ணி, அவ்வெண்ணிக்கையைக் கொண்டு தென்மாநிலங்களுக்கு மன்றத்தில் கூடுதல் இடங்கள் தரப்பட்டன. அடிமைக்கு வாக்கில்லை. அவனுடைய தலை மட்டும் ஆண்டையின் வாக்குக்கு வலுச் சேர்த்தது.

அடிமைமுறை நாளடைவில் தானே தேய்ந்துவிடும் என்று அன்று பலர் நம்பினர். 1793இல் வந்த பருத்தி அரவை எந்திரம் அந்நம்பிக்கையைக் குலைத்தது. பருத்தி பொன்னாயிற்று, பருத்திக் காட்டில் உழைக்கும் அடிமைக்கும் விலை ஏறிற்று. 1790ஆம் ஆண்டுக் குடிமதிப்பில் ஏறத்தாழ 7 இலட்சமாக இருந்த அடிமைகளின் தொகை, 1860இல் 40 இலட்சத்தை நெருங்கியது.

பிளவு ஒரே நாளில் நேர்ந்ததன்று. 1820இல் மிசௌரி உடன்பாட்டின் வழியாக நிலப்படத்தில் ஒரு கோடு கிழித்தார்கள்: கோட்டுக்குத் தெற்கே அடிமைமுறை செல்லும், வடக்கே செல்லாது. நெஞ்சுக்குள் இருந்த கோட்டை நிலத்தில் இழுத்துவிட்டால் சிக்கல் தீரும் என்பது அவர்கள் எண்ணம். அரசு பிளவுபடும் முன்பே ஆலயம் பிளவுபட்டது. 1844இல் மெதடிஸ்டு சபையும் 1845இல் பாப்டிஸ்டு சபையும் வடக்கு, தெற்கு எனப் பிரிந்தன. இரு தரப்பினரும் ஒரே வேதத்தை ஓதினர். ஒரே கடவுளை வேண்டினர். ஒரு நூலைப் படிப்பவர்கள் அதன் பொருளில் ஒன்றுபட முடியாமற் போகும்போது நாடு நெடுநாள் ஒன்றாக இராது என்பதற்கு இது முதல் அறிகுறியாயிற்று.

1850இல் தப்பியோடும் அடிமைகளைப் பிடித்துக் கொடுக்கும் கடமையை வடமாநிலத்தார்மீதும் சுமத்தும் சட்டம் வந்தது. அதுவரையில் அடிமைமுறை தொலைதூரத்துத் தீமை. அதன்பின் அது வீட்டு வாசற்படிக்கே வந்த தீமை. அடுத்துவந்த 1852இல் ஹேரியட் பீச்சர் ஸ்டோ அம்மையாரின் 'டாம் மாமாவின் குடிசை' நூலாக வெளிவந்து, முதலாண்டிலேயே அந்நாட்டில் 3 இலட்சம் படிகள் விற்றது. அதற்கு முன்பே, 1845இல், அடிமையாய்ப் பிறந்து தப்பிவந்த பிரெடரிக் டக்ளஸ் தம் வாழ்க்கையைத் தாமே எழுதி வெளியிட்டார். அவருக்கு எழுத்துக் கற்பிக்கத் தொடங்கிய எஜமானியை எஜமானர் தடுத்தார். படித்தவன் அடிமையாக நிலைக்கமாட்டான் என்பது அவர் அச்சம். அவ்வச்சம் மெய்யாயிற்று.

பின்னர் நிகழ்ந்தவை விரைந்து நிகழ்ந்தன. 1854இல் பழைய கோடு அழிக்கப்பட்டது. கான்சாஸ் மண்ணில் இரு தரப்புக் குடியேறிகளும் ஒருவரையொருவர் வெட்டிக்கொண்டனர். 1856இல் அடிமைமுறையைச் சாடிப் பேசிய செனட்டர் சம்னரை, தென்மாநில உறுப்பினர் ஒருவர் மன்றத்துக்குள்ளேயே கைத்தடியால் அடித்து வீழ்த்தினார். சொல் தோற்ற இடத்தில் தடி எழுந்தது. 1857இல் டிரெட் ஸ்காட் வழக்கில், கறுப்பினத்தவர் குடிமகனாக இருக்கவே இயலாது என்று உச்சநீதிமன்றம் தீர்ப்பளித்தது. 1859இல் ஆயுதக் கிடங்கைத் தாக்கிய ஜான் பிரவுன் தூக்கிலிடப்பட்டார். 1860 நவம்பரில் லிங்கன் தேர்ந்தெடுக்கப்பெற்றதும் தெற்கு கரோலினா பிரிந்தது. அதைத் தொடர்ந்து மொத்தம் 11 மாநிலங்கள் பிரிந்தன. 1861 ஏப்ரல் 12 அன்று சம்டர் கோட்டையின்மீது பீரங்கி முழங்கியது.

இங்குக் கவிஞர்கள் உற்றுநோக்க வேண்டிய செய்தி ஒன்று உண்டு. பிரிந்துபோன தென்மாநிலங்கள் தமக்கென எழுதிக்கொண்ட சாசனத்தில் 'அடிமை' என்ற சொல்லை ஒளிவுமறைவின்றி எழுதின. போர் முடிந்த 1865இல் வந்த பதின்மூன்றாம் திருத்தத்தின் வழியாக அச்சொல் முதன்முறையாக ஐக்கிய நாடுகளின் சாசனத்துக்குள் நுழைந்தது. அது நுழைந்தது ஒழிக்கப்படுவதற்காக. பெயர் சொல்லாமல் காத்த ஒன்றைப் பெயர் சொல்லித்தான் ஒழிக்க முடிந்தது. இடைப்பட்ட காலத்தில் 6 இலட்சத்துக்கும் மேற்பட்ட போர்வீரர்கள் மாண்டனர்.

சொல்லைப் போற்றிய நாடு

அமெரிக்கா அச்சொல்லை வெட்கத்தால் மறைத்தது. தமிழகம் அச்சொல்லைப் பக்தியால் போர்த்தியது.

திருவரங்கத்தில் 'அடியேன்' என்பது தாழ்ந்தோர் சொல் அன்று. உயர்ந்தோர் தம்மைக் கூறிக்கொள்ளும் சொல். தொண்டர்களின் அடிப்பொடி என்பதையே தம் பெயராக ஏற்றார் ஓர் ஆழ்வார். உயிரின் இயல்பே இறைவனுக்கு அடிமை செய்தல் என்று வைணவ ஆசாரியர்கள் தத்துவம் கண்டனர். சைவ உலகிலும் அவ்வாறே. பெரிய புராணத்தில் சுந்தரரின் திருமணப் பந்தலுள் முதியவர் ஒருவர் ஆளோலையுடன் வந்து நிற்கிறார். பாட்டன் எழுதிக்கொடுத்த ஓலையின்படி பேரனும் அடிமை என்கிறார். சுந்தரர் ஓலையைக் கிழிக்கிறார். கிழிந்தது படியோலை, மூலவோலை வேறு என்கிறார் முதியவர். வெண்ணெய்நல்லூர்ச் சபையில் பாட்டனின் கையெழுத்து வேறோர் ஓலையோடு ஒத்துப் பார்க்கப்படுகிறது. தீர்ப்பு முதியவர் பக்கம் ஆகிறது.

இது இறைவன் ஆட்கொண்ட திருவிளையாடல் எனப் படிப்பது மரபு. ஆனால் இவ்வளவு நுட்பமான வழக்குமுறை கற்பனையில் மட்டும் பிறந்திருக்க இயலாது. ஆளோலை என்று ஒன்று இருந்தது. அது தலைமுறை தாண்டிச் செல்லும் என்ற வழக்கும், அதை ஆராயும் சபையும் இருந்தன. அவையெல்லாம் கேட்போருக்குப் பழக்கமானவை என்பதனாலேயே சேக்கிழார் விளக்கவுரை இன்றிக் கதையை நடத்திச் செல்கிறார்.

கல்வெட்டும் இதற்குச் சான்று பகர்கிறது. கி.பி. 1201இல் கடும் பஞ்சம் வந்தபோது, திருப்பாம்புரத்தில் வேளாளர் ஒருவர் தம்மையும் தம் இரு பெண்மக்களையும் 110 காசுக்குக் கோயிலுக்கு விற்றுக்கொண்டதைக் கல்வெட்டொன்று கூறுகிறது. அடியவராய்க் கோயிலுக்குள் நுழைவதும், பசியால் விலைபோய் நுழைவதும் ஒரே வாசல் வழியாகவே நடந்தன. இரண்டுக்கும் ஒரே சொல் போதுமானதாக இருந்தது.

வயல்வெளி அடிமையோ இதனினும் ஆழமானது. காவிரியும் கொள்ளிடமும் உய்யக்கொண்டான் வாய்க்காலும் நீரூட்டிய நன்செய் நாட்டில், நாற்று நடவும் அறுவடையும் பிறப்பால் பிணைக்கப்பட்ட உழைப்பாளரின் கைகளால் நடந்தன. 1819இல் சென்னை வருவாய் வாரியம் மாவட்டந்தோறும் அடிமைமுறையைப் பற்றி வினவியது. திருச்சிராப்பள்ளி ஆட்சியராய் இருந்த லஷிங்டன் உள்ளிட்டோர் அனுப்பிய விடைகள் ஆவணமாக உள்ளன. பள்ளர், பறையர் எனும் மக்கள் பிராமண, வேளாள மிராசுதார்களுக்கு உழவடிமைகளாய் இருந்தனர் என்பதும், நிலம் கைமாறும்போது அவர்களும் கைமாறினர் என்பதும் அக்காலப் பதிவுகளால் விளங்கும்.

இலக்கியத்தில் இவர்கள் தோன்றவே இல்லையா? தோன்றினார்கள், பள்ளுப் பிரபந்தத்தில் தோன்றினார்கள். மழை வருகிறது, ஆறு பெருகுகிறது, பள்ளன் இளையாள் வீட்டில் தங்கிப் பண்ணை வேலையை மறக்கிறான், மூத்தாள் முறையிடுகிறாள், பண்ணைக்காரன் அவனை மரத்தில் மாட்டித் தண்டிக்கிறான், மூத்தாளே மனமிரங்கி மன்றாடி அவனை மீட்கிறாள். விதைகளின் பெயர்களும் மாடுகளின் வகைகளும் நிரம்பிய அழகிய பிரபந்தம் அது. ஆனால் கால் மரத்தில் மாட்டப்பட்ட மனிதன் அங்கே நகைச்சுவைப் பாத்திரம். அவன் வலி சந்தத்தில் கரைந்துவிடுகிறது. பாடியவரும் கேட்டவரும் பண்ணையின் பக்கம் அமர்ந்திருந்தனர் என்பதே இதன் காரணம்.

வந்த போர்களும் வாராத போரும்

இவ்வூர் போரறியாத ஊர் அன்று. 1751 முதல் சில ஆண்டுகள் மலைக்கோட்டையைச் சுற்றியும் அரங்கத் தீவிலும் கர்நாடக நவாபு பட்டத்துக்காகப் போர் நிகழ்ந்தது. முகம்மது அலியின் பக்கம் ஆங்கிலேயரும் சந்தா சாகிபின் பக்கம் பிரெஞ்சுக்காரரும் நின்றனர். 1752 ஜூனில் பிரெஞ்சுத் தளபதி லா, திருவரங்கத்தில் சரணடைந்தார். சந்தா சாகிபு தலை இழந்தார். உடன்பிறந்த மண்ணார் இரு பக்கமும் பிரிந்து வெட்டிக்கொண்ட அப்போரை உள்நாட்டுப் போர் என்று சொல்லத் தடையில்லை. ஆனால் நிலத்தின் வரி யாருக்கு என்பதே அங்கு வினா. நிலத்தில் உழைப்பவன் யாருக்கு என்பது வினாவே அன்று. வென்றவரிடம் நிலத்தோடு அவனும் சேர்ந்தே போனான்.

1801 ஜூனில் மருது பாண்டியரின் பிரகடனம் திருச்சிராப்பள்ளிக் கோட்டையிலும் திருவரங்கக் கோயில் மதிலிலும் ஒட்டப்பெற்றது. ஜம்புத்தீவின் மக்கள் அனைவரையும் சாதி, சமய வேறுபாடின்றி அயலாட்சிக்கு எதிராக எழுமாறு அது அழைத்தது. விடுதலை என்னும் வேட்கை இவ்வளவு ஓங்கிய குரலில் இவ்வூர் மதிலில் எழுதப்பட்டது இன்றும் பெருமைக்குரியது. ஆயினும் உழவடிமையின் விடுதலை அதன் பொருள் அன்று. தன் கழுத்தின் கயிற்றை உணர்ந்த கை, தான் பிடித்திருந்த கயிற்றை உணரவில்லை.

பிறகு சட்டம் வந்தது. 1833இல் பிரிட்டிஷ் பேரரசு அடிமைமுறையை ஒழித்தபோது, கிழக்கிந்தியக் கம்பெனியின் ஆட்சிப் பகுதிகளையும் இலங்கையையும் அச்சட்டத்திலிருந்து விலக்கி வைத்தது. பத்தாண்டு கழித்து, 1843இல், ஐந்தாம் எண் சட்டம் இந்தியாவில் இயற்றப்பெற்றது. நான்கே பிரிவுகள். வரிபாக்கிக்காக அரசு அலுவலர் மனிதனை விற்கலாகாது. அடிமையின்மீது உரிமை கோரும் வழக்கை நீதிமன்றம் ஏலாது. அடிமை என்ற காரணங்காட்டி ஒருவன் ஈட்டிய பொருளைப் பறிக்கலாகாது. உரிமையுள்ள மனிதனுக்கு இழைத்தால் குற்றமாவது அடிமைக்கு இழைத்தாலும் குற்றமே. இவ்வளவுதான். 'நீ விடுதலை பெற்றாய்' என்று எவரையும் நோக்கி அது சொல்லவில்லை. நிலம் தரவில்லை. சேரிக்கு வந்து அதைப் படித்துக் காட்டும் கடமை எவருக்கும் இல்லை. 1862 ஜனவரி முதல் நாள் நடைமுறைக்கு வந்த இந்தியத் தண்டனைச் சட்டந்தான் மனிதனை அடிமையாக வாங்குவதையும் விற்பதையும் குற்றமாக்கியது. சரியாக ஓராண்டு கழித்து, 1863 ஜனவரி முதல் நாள், லிங்கனின் விடுதலைப் பிரகடனம் நடைமுறைக்கு வந்தது.

ஆண்டுகளை மட்டும் நோக்கினால் காவிரிக்கரை முந்திக்கொண்டது. ஒரு துளிக் குருதியின்றி, ஒரு நாள் விவாதமின்றி, அடிமைமுறை சட்டத்தால் கைவிடப்பட்டது. இதைப் பெருமையாகக் கொள்ளலாமா?

டாமும் நந்தனும்

இவ்வினாவுக்கு விடை காண இரு நூல்களை நோக்கலாம். அமெரிக்கப் போர் நிகழ்ந்துகொண்டிருந்த 1860களின் தொடக்கத்திலேதான் கோபாலகிருஷ்ண பாரதியாரின் 'நந்தனார் சரித்திரக் கீர்த்தனை' காரைக்காலில் அச்சேறியது. பெரிய புராணத்து நந்தனார், கோயிலுக்குத் தோலும் நரம்பும் அளித்துத் தம் தொழிலால் வாழ்ந்தவர். பாரதியாரின் நந்தனோ பண்ணையாள். சிதம்பரம் செல்ல வேண்டுமாயின் ஆண்டையின் அனுமதி வேண்டும். சேக்கிழார் சொல்லாத வேதியர் ஒருவரைப் பாரதியார் படைத்து, 40 வேலி நிலத்தின் வேலையை முடித்துவிட்டுப் போ என்று ஆணையிடச் செய்தார். புராணத்துக்குள் இல்லாத அவ்வேதியர் எங்கிருந்து வந்தார்? சோழமண்டலத்துப் பண்ணைகளிலிருந்து வந்தார். 1819ஆம் ஆண்டு ஆவணம் ஆங்கிலத்தில் எழுதியதைப் பாரதியார் இராகத்தில் எழுதினார்.

திருச்சிராப்பள்ளிச் சீமை தந்த மகாவித்துவான் மீனாட்சிசுந்தரம் பிள்ளை இந்நூலுக்குச் சிறப்புப்பாயிரம் தர முதலில் தயங்கினார் என்பதும், இலக்கண வழுக்கள் மலிந்தது என்பது அவருடைய தயக்கத்துக்குக் காரணம் என்பதும், பாரதியார் திண்ணையில் அமர்ந்து பாடக் கேட்டு உருகிப் பின்னர்ப் பாயிரம் அளித்தார் என்பதும் உ.வே. சாமிநாதையர் வழியாகத் தமிழுலகம் அறிந்த செய்தி. பெரும்புலவரின் இலக்கணத்தை ஒரு பண்ணையாளின் ஏக்கம் வென்ற நிகழ்ச்சி அது. இலக்கியத்தின் ஆற்றலுக்கு இதனினும் சிறந்த சான்று வேண்டியதில்லை.

ஸ்டோ அம்மையாரின் டாமும் பக்தன். பாரதியாரின் நந்தனும் பக்தன். ஒருவன் சவுக்கடியில் மாள்கிறான். மற்றவன் தீயில் புகுந்து மறைகிறான். இரண்டு நூல்களும் படித்தோரையும் கேட்டோரையும் அழவைத்தன. ஆனால் டாமின் கதையைப் படித்து அழுதவர்கள், மறுநாள் வாக்குச்சாவடியிலும் ஆலயத்திலும் அதே வினாவைச் சந்திக்க வேண்டியிருந்தது. நந்தனின் கதையைக் காலட்சேபத்தில் கேட்டு அழுதவர்கள், விடிந்ததும் நந்தர்களைக் கொண்டே தம் வயலை உழுதனர். கதைக்குள் வேதியர் நந்தனின் காலில் விழுந்தார். கதைக்கு வெளியே எவரும் விழவில்லை. முனிவரின் தோள் ஒருவரை மட்டும் சுமந்தது போல, கீர்த்தனையும் ஒருவரை மட்டுமே தில்லைக்குள் சேர்த்தது.

காரணம் என்ன? கவிஞரின் குறையன்று அது. அமெரிக்காவில் அடிமை இல்லாத பாதி ஒன்று இருந்தது. எதிர்த்துப் பேசுபவன் நின்று பேசுவதற்கு நிலம் இருந்தது. இங்கு அத்தகைய பாதி இல்லை. எல்லைக்கோடு வடக்குக்கும் தெற்குக்கும் இடையே ஓடவில்லை; ஒவ்வோர் ஊரிலும் தெருவுக்கும் சேரிக்கும் இடையே வாய்க்காலாக ஓடியது. அங்கு அடிமையை நிறம் காட்டியது. இங்குப் பிறப்பு காட்டியது. அப்பிறப்புக்கு முன்வினை என்று ஒரு விளக்கமும் ஆயத்தமாய் இருந்தது. ஆட்சி செய்த கம்பெனிக்கோ கிஸ்தி குறையக்கூடாது. மிராசுதாரைப் பகைத்தால் கிஸ்தி குறையும். ஆக, பிளவுபடுவதற்கு வேண்டிய இரு தரப்பே இங்கு உருவாகவில்லை. ஒரு தரப்பு பேசியது, மறுதரப்பு ஓடிப்போனது. பண்ணையைவிட்டுப் பண்ணைக்கும், பின்னர் இலங்கைக்கும் மொரீசியசுக்கும் மலேயாவுக்கும் ஓடியது. 1862இல் நாகப்பட்டினத்திலிருந்து திருச்சிராப்பள்ளி வரை இருப்புப்பாதை வந்தபோது, அந்த ஓட்டத்துக்குப் புகைவண்டியும் கிடைத்தது.

இதையெல்லாம் தொலைவிலிருந்து கண்டு, இரண்டு அடிமைமுறைகளும் ஒன்றே என உரக்கச் சொன்னவர் மராத்தி மண்ணில் தோன்றினார். 1873இல் ஜோதிராவ் புலே தம் 'குலாம்கிரி' நூலை, நீக்ரோ அடிமைகளின் விடுதலைக்காகப் பாடுபட்ட அமெரிக்க நன்மக்களுக்குக் காணிக்கையாக்கினார். காவிரிக்கரையில் அத்தகைய காணிக்கை எழுதப்பெறவில்லை.

போர் தந்ததும் அமைதி தந்ததும்

போரைப் புகழ்வது இவ்வுரையின் கருத்து என எவரும் கொள்ளலாகாது. 6 இலட்சம் பிணங்களின்மீது பெற்ற விடுதலையை அமெரிக்கா 1877இலேயே பாதி கைவிட்டது. தெற்கிலிருந்து படை விலகியதும் வாக்குரிமை பறிபோயிற்று. தனிப் பள்ளியும் தனி இருக்கையும் மரத்தில் தொங்கிய உடல்களும் அடுத்த முக்கால் நூற்றாண்டின் வரலாறாயின. போர் அடிமைமுறையை ஒழித்தது. அடிமைமுறையை ஈன்ற மனத்தை ஒழிக்கவில்லை.

ஆனால் போரில்லாமல் வந்த விடுதலையின் கணக்கையும் எழுதியாக வேண்டும். ஆளோலை போனது, கடன்சீட்டு வந்தது. முன்பணம் பெற்ற தொழிலாளி வேலையைவிட்டுச் சென்றால் சிறை என்று 1859ஆம் ஆண்டின் பதின்மூன்றாம் எண் சட்டம் விதித்தது. அது 1920களில்தான் நீக்கப்பட்டது. கீழைத் தஞ்சையில் சாணிப்பாலும் சவுக்கடியும் 1940களில் பண்ணையாட்கள் சங்கமாகத் திரண்ட பின்னரே ஓய்ந்தன. கொத்தடிமை முறையை ஒழிக்கும் சட்டத்தை நாடு 1976இல் இயற்ற வேண்டியிருந்தது. 1843இல் ஒழிந்த ஒன்றை 1976இல் மீண்டும் ஒழிப்பானேன்? 133 ஆண்டுகள் அது எங்கே இருந்தது? பெயரை மாற்றிக்கொண்டு அதே வரப்பில் இருந்தது.

இடையில் 1968 டிசம்பர் 25. கூலியாக இன்னும் சிறிது நெல் கேட்டும், செங்கொடியைக் கைவிட மறுத்தும் நின்ற உழவுத் தொழிலாளர் குடும்பங்கள் வாழ்ந்த கீழவெண்மணியில், ஒரே குடிசைக்குள் அஞ்சி ஒடுங்கிய 44 பேர் எரிக்கப்பட்டனர். பெண்களும் குழந்தைகளுமே அவர்களுள் மிகுதி. குற்றஞ்சாட்டப்பட்ட நிலவுடைமையாளர்கள் உயர்நீதிமன்றத்தில் விடுதலை பெற்றனர். நந்தன் தீயில் புகுந்த கதையை நூறாண்டு பாடிக்கொண்டிருந்த நாட்டில் அத்தீ வயலுக்கு வந்தது. அமெரிக்கா நான்கு ஆண்டுகளில் கண்ட போரை இந்நாடு சிறுசிறு தீயாக, ஊர் ஊராக, ஆண்டாண்டாகக் கண்டது என்பதே உண்மை. பீரங்கி முழங்காத காரணத்தால் அதற்குப் போர் என்ற பெயர் கிட்டவில்லை.

சொல்லின் கடன்

இனி, இவ்வவைக்குரிய செய்தி. கவிஞருக்கு நிலமில்லை, படையில்லை, சட்டம் இயற்றும் அதிகாரமில்லை, சொல் உண்டு. அச்சொல் மறைக்கவும் வல்லது, காட்டவும் வல்லது. அமெரிக்கச் சாசனம் அடிமையைப் பெயரிட மறுத்து 78 ஆண்டுகள் காத்தது. தமிழ் அடிமையை இறைவனுக்கு உரியதாக்கி, மனிதனுக்கு மனிதன் அடிமையாய் நின்றதைக் காணாமல் கடந்தது.

இத்தனைக்கும் அப்பக்தி மொழியின் உள்ளேயே ஒரு தீப்பொறி இருந்தது. இறைவனுக்கே அடிமை என்றால் வேறெவர்க்கும் அடிமை இல்லை என்பதே அதன் மறுபக்கம். பல்லவ மன்னனின் ஆணையை மறுத்து நின்ற அப்பர் அதைச் சொன்னார். உறையூர் மல்லர் உறங்காவில்லியின் தோளைப் பற்றிக்கொண்டு நீராடிவந்த உடையவர் அதை நடந்து காட்டினார். அடியவரின் பிறப்பை ஆராய்தல் பெரும்பிழை என்று இத்திருவரங்கத்திலிருந்தே பிள்ளை லோகாசாரியர் எழுதினார். பொறி இருந்தது, அது மதிலுக்குள்ளேயே காக்கப்பட்டது. வாய்க்காலைத் தாண்டி வயலுக்கு அதை எடுத்துச்செல்லப் பல நூற்றாண்டுகள் ஆயின.

எடுத்துச் சென்றவர்கள் வந்தார்கள். வெண்மணியை 'குருதிப்புனல்' நாவலாக்கிய இந்திரா பார்த்தசாரதி, நந்தனின் கதையையும் நாடகமாக மீட்டெழுதினார். 1992இல் பாமாவின் 'கருக்கு' வந்தது. சேரியிலிருந்து ஒரு குரல் தன் கதையைத் தன் வழக்கிலேயே சொன்னது. இலக்கணம் பார்த்துப் பாயிரம் தர அது எவரையும் வேண்டவில்லை. டக்ளஸ் தம் கதையை எழுதிய 1845க்கும் 'கருக்கு' வெளிவந்த 1992க்கும் இடையே 147 ஆண்டுகள். அந்த இடைவெளியே தமிழ் இலக்கியம் தன் கணக்கில் எழுதிக்கொள்ள வேண்டிய கடன்.

பத்தாண்டு நிறைந்த இலக்கிய வட்டத்துக்கு வாழ்த்துக் கூறுவது மரபு. வட்டம் என்பது நல்ல சொல். ஆனால் வட்டத்துக்கும் கோடு உண்டு. கோட்டுக்கு உள்ளே சிலர், வெளியே பலர். அடுத்த பத்தாண்டில் இவ்வட்டத்தின் மேடையில் ஏறிப் பாடவிருப்பவருள், எவர் தோளிலும் ஏறாமல், எவர் அனுமதியும் கேளாமல், தம் காலாலேயே காவிரியைக் கடந்து வருவோர் எத்தனை பேர் என்பதே வட்டத்தின் பெருமைக்கு அளவுகோலாகும். தென்கரையில் இன்னும் ஆள் நிற்கிறார்களா என்று திரும்பிப் பார்ப்பது கவிதையின் வேலை.